டிரங்குப் பெட்டியில் ஒரு ‘பர்மா ராணி’

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் பெரிய வீட்டைச் சுத்தம் செய்தபோது, ஐயாவின் டிரங்குப் பெட்டியில் ‘பர்மா ராணி’ படத்தின் பாட்டுப் புத்தகமும், பர்மாக் கடைப் பேரேடு ஒன்றும், பிலிம் சுருள் உள்ள தகர டப்பாவும் கிடைத்தன. பழம்பொருள் வியாபாரி புத்தகத்தை மட்டும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் டப்பாவைப் பார்ப்போம். 1950களின் தொடக்கம் வரை 35 மி.மீ. படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் பிலிமில்தான் வந்தன. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற ஆங்கில எழுத்து இல்லாமல், பிசுபிசுப்போ பழுப்புப் பொடியோ தெரிந்தால் சுருளைப் பிரிக்கவே வேண்டாம். வெயில் படாத, ஆள் புழங்காத இடத்தில் வைத்துவிட்டுப் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். தபாலில் மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

இனி புத்தகம். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1945-இல் வெளியிட்ட போர்ப்படம் இது. ஜப்பானியர் பிடித்துவைத்திருந்த பர்மாவில் சிக்கிய இந்திய விமானப்படை வீரர்களின் கதை. டி.ஆர்.சுந்தரம் இயக்கி, ஜப்பானிய அதிகாரியாகவும் நடித்தார். நாயகி கே.எல்.வி.வசந்தா. பிலிம் ரேஷனில் இருந்த காலம். போருக்கு ஆதரவாகப் படமெடுக்கச் சொல்லி அரசு நெருக்கியது. பிரச்சாரப் படம் என்பதாலோ என்னவோ, பழைய படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூட இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சேகரிப்பவர்கள் தேடுவது அதனால்தான்.

ஆனால் உங்கள் வீட்டில் இதற்கு வேறு கணக்கு. 1942-இல் ரங்கூன் விழுந்தபோது கடையையும் நிலத்தையும் விட்டுவிட்டு ஓடிவந்த நகரத்தார் குடும்பங்கள் எத்தனை! அப்படி ஒரு வீட்டில், பர்மாப் பேரேட்டுக்குப் பக்கத்தில் இந்தப் புத்தகம் இருந்தது என்பதுதான் விஷயம். பிரித்து விற்றால் அது போய்விடும். வியாபாரி பேரேட்டை ஏன் கேட்கவில்லை? அவருக்கு அட்டைப் படம் போதும்.

அசலா என்று பார்க்க, தாளின் பின்பக்கம் விரலால் தடவுங்கள். அச்செழுத்து அழுந்திய தடம் பெரும்பாலும் தெரியும், ஜெராக்ஸில் தெரியாது. துருப்பிடித்த ஊக்கைப் பிடுங்க வேண்டாம், செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் கூடவே கூடாது. அமிலமில்லாத தாளில் சுற்றி வைத்தால் சரி.

விற்பதானால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நாலு கடை ஏறி இறங்கி விலை கேளுங்கள். அதற்கு முன் பங்காளிகளிடம் சொல்லிவிடுங்கள். பொது வீட்டுப் பெட்டி, பின்னால் பேச்சு வரும். என்னைக் கேட்டால், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் ஒரு வார்த்தை பேசிப் பார்ப்பேன். அது உங்கள் பக்கத்து ஊரான கோட்டையூரில் ஒருவர் சேர்த்த சேகரிப்பிலிருந்து வந்ததுதான். அதில் பாட்டுப் புத்தகங்களும் உண்டு.