பேரனுக்குப் பெயர்

கேள்வி: எங்கள் மகனுக்குச் சென்ற மாதம் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. 'கிரேஸ்' என்று பொருள் வரும்படி ஒரு சமஸ்கிருதப் பெயர் வைக்க வேண்டுமென்று மகனும் மருமகளும் ஆசைப்படுகிறார்கள். கைப்பேசியில் பார்த்து நாற்பது பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் எதிரே 'கிரேஸ்' என்றுதான் போட்டிருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?
ஒரு பாட்டி, வலங்கைமான்

பதில்: அம்மா, நாற்பது பெயர்களையும் சற்று நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, அவற்றின் எதிரே போட்டிருக்கிற அந்த ஒரு சொல்லை முதலில் பார்ப்போம். ஆங்கிலக்காரர்கள் இரண்டு பொருளுக்கு அந்த ஒரே சொல்லை வழங்குகிறார்கள். தெய்வமோ பெரியவரோ நம்மேல் வைக்கும் அருள் ஒன்று. ஒருவருடைய நடையிலும் பேச்சிலும் தெரிகிற நளினம் மற்றொன்று. தமிழிலும் வடமொழியிலும் இவை வெவ்வேறு சொற்கள். பட்டியல் போட்டவர்கள் இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டியிருப்பதால்தான் லலித்தும் அனுக்ரஹும் ஒன்றுபோல் உங்களுக்குத் தோன்றுகின்றன. லலிதம் என்பது விளையாட்டும் மென்மையும் கலந்த அழகு. லாவண்யமும் அந்த இனம்தான். லவணம் என்றால் உப்பு, உப்பின் தன்மை லாவண்யம். சோற்றுக்கு உப்பு எப்படியோ அப்படி உருவத்துக்கு இது என்று கண்ட பழைய மனிதர்களின் எண்ணம், கடைமடையில் வேதாரண்யத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு எளிதில் விளங்கும். ஆனால் பேரன் பிறந்த வீட்டில் பாட்டி கேட்பது அருளாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

கருணா, கிருபா, தயா ஆகிய மூன்றும் வடமொழியில் பெண்பாற் சொற்கள். ஆகவே ஆண்பிள்ளைக்கு வைக்கும்போது நம் முன்னோர் அவற்றோடு இன்னொரு சொல்லைக் கூட்டிக் கருணாகரன், கிருபாகரன், தயாநிதி என்று ஆக்கினார்கள். கருணாகரன் என்றால் கருணை விளையும் சுரங்கம். முதற்குலோத்துங்கனின் படைத்தலைவனாகச் சென்று 900 ஆண்டுகளுக்கு முன் கலிங்கத்தை வென்ற கருணாகரத் தொண்டைமான், திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரியைச் சேர்ந்தவன். திருநறையூர் என்பது உங்களுக்கு அதிகத் தூரமில்லாத நாச்சியார்கோயில்தான்.

முன்பொரு முறை இதே பக்கத்தில் இந்தப் பெயரை நான் புகழ்ந்தபோது, தமிழ்ப் பத்திரிகையின் ஆசிரியர் வடமொழிக்கு வக்காலத்து வாங்கலாமா என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்தன. அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். திருக்கருகாவூரில் கருகாத்த நாயகி என்றும் கர்ப்பரட்சாம்பிகை என்றும் ஒரே தாயைத்தான் அழைக்கிறோம். பிள்ளை வரம் கேட்டு அங்கே போகும் பெண்ணுக்கு இரண்டு பெயரும் விளங்குகின்றன. என் வழக்கெல்லாம் விளங்காத பெயரோடுதான். ஓசைக்காக இரண்டு மூன்று எழுத்துகளைக் கோத்து, பிறகு ஒரு பொருளை ஒட்டவைத்து, சமஸ்கிருதம் என்று முத்திரை குத்தித் தருகிறார்களே, அப்படிப்பட்ட பெயர்கள் பலவற்றை வடமொழி அகராதிகளில் தேடித் தேடி நான் காணாமல் திரும்பியிருக்கிறேன். வைத்தவருக்கும் கூப்பிடுகிறவருக்கும் தெரியாத பொருள் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்?

அனுக்கிரகம் ஆழமான சொல். சைவர் சொல்லும் ஐந்தொழிலில் ஐந்தாவதான அருளல் அதுதான். ஆடவல்லானின் தூக்கிய திருவடி அதைக் குறிக்கிறது. மண்ணியாற்றங்கரைச் சேய்ஞலூரில் பசு மேய்த்த, பின்னாளில் சண்டேசுவரர் ஆன விசாரசருமர் என்ற சிறுவனின் தலையில் இறைவன் தன் கையாலேயே பூமாலை சுற்றும் சிற்பத்தைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு முறை பார்த்துவிட்டால், அனுக்கிரகம் என்பதற்கு அகராதி தேவைப்படாது. ஆனால் 'அனுக்ரஹ்' என்று வாலை நறுக்கி வைக்கும் பெயர் தெருவுக்குப் போனதும் 'அனு' ஆகிவிடும். எனவே அதை நான் சிபாரிசு செய்யவில்லை.

என் மனம் நிற்பது பிரசாதம் என்ற சொல்லின் குடும்பத்தில். கோயிலில் கையேந்தி வாங்குகிற புளியோதரையோடு அச்சொல்லை நாம் நிறுத்திவிட்டோம். அதன் வேர்ச்சொல்லுக்கு உட்கார்தல் என்று பொருள்; 'ப்ர' என்ற முன்னொட்டுச் சேர்ந்தால், கலங்கியது அடியில் படிந்து தெளிதல். அப்படித் தெளிந்த நீர் பிரசன்னம். நீரைப்போல மனம் தெளிவதும் முகம் மலர்வதும் பிரசாதம்; மலர்ந்த முகத்தோடு ஒருவர் தருகிற அருளும் பிரசாதம்; படைத்த உணவு அருளாகத் திரும்பி வரும்போது அதுவும் பிரசாதம். ஆடி மாதம் குடமுருட்டியில் செக்கச்செவேலென்று வரும் புதுத்தண்ணீரை மொண்டுவந்து, குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டு இரவு முழுவதும் அசைக்காமல் வைத்திருந்த வீடுகளை உங்கள் வயதுக்கு நீங்கள் பார்த்திருப்பீர்கள். விடிந்ததும் வண்டல் அடியில் கிடக்கும். மேலே பளிங்காகத் தண்ணீர் நிற்கும். காதலனைப் பிரிந்து கலங்கிய பெண் அவன் வந்ததும் தெளிந்ததற்குக் கலித்தொகை சொல்லும் உவமை இந்தக் கொட்டையால் தெளிந்த தண்ணீர்தான். வடமொழியில் அந்த மரத்துக்கே அம்புப்பிரசாதம், அதாவது நீரைத் தெளிவிப்பது, என்று ஒரு பெயர் உண்டு.

அதன் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் தண்ணீர் தெளிந்துவிடாது என்று பழைய சுலோகம் ஒன்றும் இருக்கிறது. எண்களைக் கூட்டிப் பார்த்து, பெயரில் ஓர் எழுத்தை அதிகமாகச் சேர்த்தால் பிள்ளையின் வாழ்வே மாறும் என்பவர்களுக்கு அந்தச் சுலோகத்தை எழுதிக் கொடுக்கலாம். பெயரியலுக்குக் காசு கொடுக்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

பிரசாதம் என்ற சொல் ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியது என்றும் எண்ண வேண்டாம். வேளாங்கண்ணியில் இன்று 'அருள் நிறைந்த மரியே' என்று ஜெபிக்கும் கத்தோலிக்கர்களின் பாட்டன்மார் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்று ஜெபித்தவர்கள். தேவ அருளை அவர்கள் இஷ்டப்பிரசாதம் என்றார்கள்.

ஆகவே, தனிப்பெயர் வேண்டுமென்றால் பிரசன்னன் என்று வையுங்கள். பிரசாத் என்று வைப்பதானால் அதைத் தனியே விடாதீர்கள். யாருடைய அருள் என்ற கேள்வி அதில் நிற்கும். ராமப்பிரசாத், குருப்பிரசாத் என்று அருளியவரின் பெயரை முன்னால் வைப்பதே பெருவழக்கு. அந்த இடத்தில் உங்கள் வீட்டுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் அவன். உங்கள் கணவருடைய பெயர் 'சிவ' என்றோ 'ராம' என்றோ தொடங்குமானால் அந்த முற்பாதியை எடுத்துப் பிரசாத்துக்கு முன்னால் சேருங்கள். மகன் கேட்ட பொருளும் வந்துவிடும், தாத்தாவின் பெயரும் தொட்டிலில் இருக்கும்.

அவசரப்பட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்திருப்பீர்கள்; குழந்தையின் பெயரைப் பிறகு 12 மாதங்களுக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குள் ஒரு நாள் கொல்லைக் கதவருகே நின்றுகொண்டு, பிள்ளை வாசலில் விளையாடுவதாக நினைத்து, அந்த நாற்பது பெயர்களையும் ஒவ்வொன்றாக உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். உங்கள் நாக்குக்கு வராதவற்றை மருமகளே அடித்துவிடட்டும்.