தேர்தல் இல்லாத நாட்களில் அரசியல் வியூகக்காரருக்கு என்ன வேலை?

தேர்தல் முடிந்தபின் மாநில அளவிலான வியூக வகுப்பாளர் எப்படிப் பிழைப்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுவனங்களுக்கும் சங்கங்களுக்கும் இதே வேலையைச் செய்வார். தொழிலைத் தொடங்கிவைத்தவர்களைப் பார்த்தாலே புரியும்.

1933-இல் கலிஃபோர்னியாவில் கிளெம் விட்டேக்கரும் லியோன் பாக்ஸ்டரும் 'கேம்பெய்ன்ஸ் இன்க்' என்ற தேர்தல் வியூக நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஆரம்பத்திலேயே, ஒரு பெரிய நீர்த்திட்டத்துக்கு வாக்கெடுப்பில் ஆதரவு திரட்டினார்கள். எதிர்த்து நின்று தோற்ற மின்சார நிறுவனம், அப்புறம் இவர்களையே ஆண்டுக் கட்டணத்தில் அமர்த்திக்கொண்டது!

1934 ஆளுநர் தேர்தலில் (அங்கே ஆளுநர்தான் நம் முதலமைச்சர் மாதிரி) எழுத்தாளர் அப்டன் சின்க்ளேருக்கு எதிராக இறங்கினார்கள். அவருடைய நாவல் பாத்திரங்கள் பேசிய வரிகளை வெட்டியெடுத்து, அவரே சொன்னதுபோலப் பரப்பினார்கள். அவர் தோற்றார். கெட்டிக்காரத்தனம்தான், நேர்மை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1942-இல் ஏர்ல் வாரனை ஆளுநராக்க உழைத்தார்கள். 1945-இல் அதே வாரன் கட்டாய மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது, மாநில மருத்துவர் சங்கத்துக்காக அதை எதிர்த்தார்கள். சிற்றூர்ப் பத்திரிகைகளுக்கு விளம்பரம் போனது. அப்படியே அச்சிட்டுக்கொள்ளத் தோதாகத் தலையங்கமும் எழுதிப் போனது. மசோதா படுத்துவிட்டது. 1949-இல் அகில அமெரிக்க மருத்துவர் சங்கமே, அமெரிக்க அதிபர் ட்ரூமனின் காப்பீட்டுத் திட்டத்தை முறியடிக்க இவர்களைக் கூப்பிட்டுக்கொண்டது.