பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம்: கேள்வி பதில்

பர்மிங்காம் ராக் குழுவான பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. அதைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கிட்டார் ஒலி பற்றியவை. அவற்றுக்குத்தான் நீளமான பதில்கள்.

கேள்வி: முழு ஆல்பத்தையும் ஒரே நாளில் பதிவு செய்தார்கள் என்பது உண்மையா சார்?

உண்மைதான். 1969 அக்டோபர் 16, லண்டன் ரீஜன்ட் சவுண்ட் ஸ்டூடியோ, நான்கு டிராக் டேப். தயாரிப்பாளர் ராட்ஜர் பெயின், ஒலிப்பொறியாளர் டாம் அலம். மேடையில் வாசித்து வாசித்துப் பழகிய பாடல்களை நால்வரும் சேர்ந்தே வாசித்தார்கள். பிறகு சேர்த்தவை கொஞ்சம்தான். 'என்.ஐ.பி.', 'ஸ்லீப்பிங் வில்லேஜ்' இரண்டிலும் கிட்டார் சோலோவை இரட்டித்தார்கள். தொடக்கத்துக்கு மழை, இடி, மணியோசை சேர்த்தார்கள்.

கேள்வி: அண்ணா, அந்தக் கனமான ஒலிக்காக கிட்டாரை சி ஷார்ப்புக்கு இறக்கிவிட்டேன். வாசித்தால் பதிவோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஏன்?

மறுபடியும் வழக்கமான ஈ சுருதிக்கு ஏற்றுங்கள் தம்பி. மூன்று அரைச்சுருதி இறக்கியது 1971இல், மூன்றாவது ஆல்பத்தில். முதல் ஆல்பத்தில் சுருதி இறக்கமே கிடையாது. ஆறாம் தந்தியைத் தளர்த்தினால் கனம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்த ஆல்பத்தின் கனம் வேறிடத்தில் இருக்கிறது: குறைவான ஸ்வரம், நீண்ட இடைவெளி, அவசரப்படாத தாளம்.

கேள்வி: முதல் பாட்டின் ரிஃப் எந்த ஃப்ரெட்டில்?

ரிஃப் என்பது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தின் குறுக்குக் கம்பி. இதற்கு மூன்றே இடம். ஆறாம் தந்தியில் 3ஆம் ஃப்ரெட், அது ஜி. நான்காம் தந்தியில் 5ஆம் ஃப்ரெட், அதே ஜி மேல்ஸ்தாயியில். பிறகு ஐந்தாம் தந்தியில் 4ஆம் ஃப்ரெட், சி ஷார்ப். அங்கே நின்றபடி அடுத்த விரலால் 5ஆம் ஃப்ரெட்டைத் தட்டித் தட்டி எடுங்கள். முதல் ஜி ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலோர் வலது உள்ளங்கையால் தந்தியை அமுக்கிவிடுகிறார்கள். அத்தோடு ரிஃப் செத்துப்போகும்.

கேள்வி: இதைச் 'சாத்தானின் இடைவெளி' என்கிறார்களே, கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு எப்படி விளக்கலாம்?

ஜியை ஷட்ஜமாக வைத்தால் சி ஷார்ப் பிரதி மத்தியமம். 72 மேளகர்த்தாக்களில் 36இல் உள்ள ஸ்வரம்தான், நம் காதுக்குப் புதிதல்ல. கல்யாணியில் அது இனிமையாகப் பஞ்சமத்துக்குப் போய்ச் சேரும். இங்கே பஞ்சமத்தைத் தொட்டுத் தொட்டு மத்தியமத்துக்கே திரும்புகிறது, இளைப்பாறவே விடுவதில்லை. சுற்றிலும் வேறு ஸ்வரமும் இல்லை. அச்சம் அங்கேதான் பிறக்கிறது. சாத்தானுக்கு இதில் வேலையில்லை.

கேள்வி: குழுவின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமியின் விரல் ஊனத்துக்கும் இந்த ஒலிக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. 17 வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர், ஆகவே தந்தியை அழுத்தும் கையே அது. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறை செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டார். அன்று கடையில் கிடைத்த செட்டுகள் தடிமனானவை. அதனால் மேல் இரண்டுக்கு பாஞ்சோ தந்தி போட்டு, மற்றவற்றையும் மெல்லியதாக மாற்றினார்.

இன்று 0.008 முதல் 0.038 அங்குலம் வரையிலான செட் வாங்கினால் போதும். ஆனால் மெல்லிய தந்தியை இறுக்கிப் பிடித்தால் சுருதி ஏறிவிடும், பவர் கார்ட் (இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து வாசிப்பது) அபஸ்வரமாகும். விரலை ஃப்ரெட்டுக்கு ஒட்டினாற்போல் வைத்து, ஒலி வரும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள்.

கேள்வி: ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப், ஆம்ப்பில் கெயின் (பெருக்க அளவு) முழுதாக. ஆனாலும் சத்தம் குழைந்துபோகிறது. என்ன தப்பு?

இரண்டுமே தப்பு. பதிவின்போது 'விக்கெட் வேர்ல்ட்' முடிந்ததும் அயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப் பழுதாகிவிட்டது. மற்ற பாடல்களெல்லாம் மாற்றுக் கிட்டாரான கிப்சன் எஸ்.ஜி. ஸ்பெஷலில் வாசித்தவை. அதில் இருந்தது பி-90, ஒற்றைச் சுருள் பிக்கப். இரைச்சல் இருக்கும், கூடவே தெளிவும் இருக்கும்.

ஆம்ப் லேனி, அக்கால லேனியில் முன்நிலைப் பெருக்கம் குறைவு. எனவே டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டரால் அதன் உள்ளீட்டை முட்டித் தள்ளினார். பூஸ்டர் கீழ்ஸ்தாயியைக் கழித்த பிறகே பெருக்குகிறது. அதனால்தான் ரிஃப் சேறாவதில்லை. உங்கள் ஆம்ப்பில் கெயினைப் பாதிக்குக் கீழே இறக்கி, முன்னால் ட்ரெபிள் பூஸ்டர் வையுங்கள்.

கேள்வி: அந்தப் பூஸ்டரை வீட்டிலேயே செய்ய முடியுமா?

சாலிடரிங் தெரிந்தால் ஒரு மாலை வேலை. ஓ.சி.44 ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் ஒன்று, 9 வோல்ட் பேட்டரி. உள்ளீட்டிலிருந்து டிரான்சிஸ்டரின் பேஸ் காலுக்கு 5 நானோ ஃபாரட் கெபாசிட்டர். பேஸிலிருந்து பேட்டரியின் மைனஸுக்கு 470 கிலோ ஓம், தரைக்கு 68 கிலோ ஓம். எமிட்டரிலிருந்து தரைக்கு 3.9 கிலோ ஓம், அதற்கு இணையாக 47 மைக்ரோ ஃபாரட். கலெக்டரிலிருந்து மைனஸுக்கு 10 கிலோ ஓம் பாட் (திருகி மாற்றும் மின்தடை). அதன் நடுக்காலிலிருந்து 10 நானோ ஃபாரட் வழியாக வெளியீடு.

இங்கே தரை என்பது பேட்டரியின் பிளஸ் முனை. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால் ஷார்ட் ஆகும். தனிப் பேட்டரியே போடுங்கள்.

முடித்ததும் கலெக்டரில் அளந்தால் மைனஸ் 7 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். மைனஸ் 5 அளவுக்கு இறங்கியிருந்தால் டிரான்சிஸ்டரில் கசிவு அதிகம். 470 கிலோ ஓமின் மதிப்பைக் கூட்டிப் பாருங்கள், சரிப்படாவிட்டால் டிரான்சிஸ்டரை மாற்றுங்கள். சூடேறினால் ஜெர்மேனியத்தில் கசிவு கூடும். காலையில் நன்றாக இருந்தது மதியம் கரகரக்கும். கிட்டாருக்கு அடுத்ததாக இதுதான் வர வேண்டும். நடுவில் பஃபர் (சிக்னலைத் தாங்கிக் கடத்தும் சுற்று) உள்ள பெடல் நுழைந்தால் ஒலி கூசும், வால்யூமைக் குறைத்தாலும் குழையாது.

கேள்வி: எங்கள் டிரம்மர் மெட்ரோனோமோடு துல்லியமாக அடிக்கிறார். ஆனாலும் உயிர் இல்லை.

சபாத்தின் டிரம்மர் பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். அவர் தாளத்தில் ஊஞ்சலாட்டம் இருக்கிறது. பாடலுக்குள்ளேயே வேகம் ஏறி இறங்கும். பயிற்சிக்கு மெட்ரோனோம் வையுங்கள், சேர்ந்து வாசிக்கும்போது நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: 'என்.ஐ.பி.' என்றால் என்ன?

பேனா நிப். வார்டின் தாடி அந்த வடிவில் இருந்தது. மற்ற விளக்கமெல்லாம் பின்னால் ஒட்டியவை.

கேள்வி: அட்டையில் உள்ள வீடு எங்கே இருக்கிறது?

ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில், தேம்ஸ் கரையிலுள்ள மேப்பிள்டரம் நீராலை. படமெடுத்தவர் கீத் மெக்மில்லன். அகச்சிவப்பு ஃபிலிம் என்பதால்தான் செடிகொடிகளுக்கு அந்த இளஞ்சிவப்புச் சாயல்.

கேள்வி: பழைய எல்.பி. ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முதல் பதிப்பா என்று எப்படிப் பார்ப்பது?

பிரிட்டிஷ் முதல் பதிப்பின் எண் வி.ஓ. 6. வெளியிட்ட நிறுவனமான வெர்ட்டிகோவின் கறுப்பு வெள்ளைச் சுழல் லேபிள் முதல் பக்கத்தை நிறைத்திருக்கும்; பாடல் விவரம் மறுபக்க லேபிளில் இருக்கும். அட்டை இரண்டாக விரியும். உள்ளே தலைகீழ்ச் சிலுவை, அதற்குள் ஒரு கவிதை. விண்கல லேபிள் இருந்தால் பிந்தைய வெர்ட்டிகோ அச்சு, நெம்ஸ் என்ற நிறுவனப் பெயர் இருந்தால் அதற்கும் பிந்தையது. இரண்டாம் பக்கம் 'ஈவில் வுமன்' பாட்டோடு தொடங்க வேண்டும். அந்த இடத்தில் 'விக்கெட் வேர்ல்ட்' இருந்தால் அது அமெரிக்கப் பதிப்பு. பிரிட்டிஷ் விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.