போர்க் கைதியாக இறந்தவரை எப்படி நினைவுகூர்வது?

சின்னத் தாத்தா 1942இல் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, கைதியாகவே இறந்துபோனார், உடலும் வரவில்லை, தேதியும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் பெயரைத் தேடுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவிடச் சுவர்களில், கல்லறை இல்லாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நம் ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதியிருப்பார்கள். அதனால் படை எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. பழைய டிரங்குப் பெட்டியில் பென்ஷன் தாள், தபால் அட்டை, பதக்கத்தின் விளிம்பு எல்லாவற்றையும் பாருங்கள்.

திருவையாற்றில் எங்கள் தெருப் பாட்டி, மலாயாவுக்குப் போன அண்ணன் படத்துக்குக் கடைசிவரை மாலை போடவிடவில்லை. "வந்துடுவான்" என்பார். இருபது வயதுகூட ஆகாத முகம் அது. தேதி தெரியாதது எவ்வளவு பெரிய வலி என்பதை அவரிடம்தான் பார்த்தேன்.

தேதி கிடைத்தால், அந்த வருடப் பஞ்சாங்கத்தில் திதியைப் பார்த்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டாலும் சரி, ஆடி அமாவாசையன்று திருவையாற்றுக் காவிரியின் புஷ்ய மண்டபத் துறையில் அவர் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுங்கள்.