கழுத்து ஸ்கானுக்குப் போகும் தங்கச்சிக்கு

தங்கச்சி, விசுவமடுவில் இருந்து ரொறன்ரோ வந்து ஆறு மாதம், கழுத்தில் ஒரு கட்டி, குடும்ப வைத்தியர் அல்ட்ராசவுண்ட் எடுக்க எழுதித் தந்திருக்கிறார் என்கிறீர்கள். சாப்பிடாமல் போக வேண்டுமா, காசு எவ்வளவு, குளிருக்கு எந்தச் சப்பாத்து வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சப்பாத்தைப் பற்றி வேறு ஆட்கள் சொல்வார்கள். ஹெல்த் கார்ட் இருந்தால் ஸ்கானுக்குக் காசில்லை.

சாப்பிட்டுவிட்டே போங்கள், வெறும் வயிறு வயிற்று ஸ்கானுக்குத்தான். தாலிக்கொடி, சங்கிலியைக் கழற்றச் சொல்வார்கள். தோளுக்குக் கீழே தலையணை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்து, ஜெல் பூசி, சின்னக் கருவியை அழுத்தி அழுத்தி நகர்த்துவார்கள். வெறும் ஒலி அலைதான், கதிர்வீச்சு இல்லை. அரை மணித்தியாலத்துக்குள் முடியும். எடுக்கிறவர் முடிவு எதுவும் சொல்லமாட்டார். அந்த மௌனத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அறிக்கை உங்கள் வைத்தியருக்குத்தான் போகும். கழுத்தில் இருக்கிற தைரொயிட் சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. சந்தேகம் இருந்தால் மெல்லிய ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பார்கள். கழுத்து நெறி, அதாவது நிணநீர்க் கணு, காசநோயாலும் வீங்கும். வீட்டில் யாருக்காவது காசம் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கட்டி என்றதும் கான்சர் என்று கோயில் மண்டபத்தில் தீர்ப்புச் சொல்கிறவர்களிடம் மட்டும் காட்டாதீர்கள்.

நான் எழுத வந்தது வேறு. உங்கள் உடம்பில் பீஸ், அதாவது செல் (எறிகணை) வெடித்துச் சிதறிய உலோகத் துண்டு, இருக்கிறதா? கடைசிச் சண்டைக்குள் இருந்து வன்னியை விட்டு வந்த எங்களில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது.

எனக்கு 2009 மார்ச்சில் மாத்தளனில் விழுந்த செல்லில் இடது காதுக்குக் கீழே ஏறியது. தறப்பாளுக்குள் காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டு, "எடுக்க வசதியில்லை தம்பி, இருக்கட்டும்" என்றார்கள். 2012இல் இங்கே தலைவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினார்கள். உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று படிவத்தில் கேட்டிருந்தது. இல்லை என்று போட்டேன். மொழிபெயர்க்க வந்தவர் எண்பதுகளிலேயே வந்தவர். "செல் பீஸ் என்று சொன்னால் இயக்கமா, புலியா என்று கேட்பான், உன்ர அகதிக் கேஸ் பழுதாகிவிடும்" என்றார். அப்படி முந்தி வந்தவர்கள் உதவ ஓடி வருவார்கள், அதை மறக்கமாட்டேன். ஆனால் நாங்கள் கடந்து வந்தது அவர்களுக்குத் தெரியாது.

அறை வாசலில் வைத்து எம்.ஆர்.ஐ. எடுக்கிற பெண் என் தழும்பைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். எம்.ஆர்.ஐ. பெரிய காந்தம். இரும்புத் துண்டை அசைத்துவிடும். கண்ணிலோ இரத்தக் குழாய்க்குப் பக்கத்திலோ இருந்தால் பெரிய ஆபத்து. அல்ட்ராசவுண்டால் அந்த ஆபத்து இல்லை, ஆனாலும் சொல்லுங்கள். துண்டையும் பழைய தழும்பையும் வேறு ஏதோ என்று எடுத்துக்கொண்டால் வீண் அலைச்சல். வைத்தியரிடம் சொல்வது கேஸுக்காகச் சொல்வதல்ல. ஸ்கானுக்கு நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், பிள்ளையைக் கூட்டிப் போய் மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

எனக்கு முதலில் எக்ஸ்றே எடுத்தார்கள், பிறகு அதே கழுத்து அல்ட்ராசவுண்ட். எடுத்தவர் திரையை என் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத் தசைக்குள் நெல்மணி அளவில் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே வால் மாதிரி மங்கல் கோடுகள். மூன்று வருடமாகக் கழுத்தில் சுமந்ததை அன்றுதான் கண்ணால் கண்டேன். இரவு அம்மாவுக்குப் போனில் சொன்னேன். "இடம் மாறேல்லத்தானே?" என்று மூன்று தரம் கேட்டா.