ஈரம் வடியாத களிமண்ணில் எப்போது உழலாம்?

கேள்வி: குளிர்காலம் முடிந்து வசந்தம் தொடங்கியும் மழை விட்டபாடில்லை. என்னுடையது களிமண் நிலம். இரண்டு நாள் வெயிலில் மேல்மண் வெளுத்துக் காய்ந்துவிட்டது. விதைப்போ தள்ளிக்கொண்டே போகிறது. டிராக்டரை இறக்கி உழுதுவிடலாமா?

பதில்: உடனே இறக்க வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது மேல்மண்ணை அல்ல, கலப்பையின் கொழு எட்டும் ஆழத்தில் உள்ள மண்ணை. தாழ்வான மூலையையும் விடாமல் வயலின் நான்கைந்து இடங்களில் 15 செ.மீ. தோண்டி, ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். 3 மி.மீ. கனமுள்ள திரியாக முறியாமல் திரண்டுவந்தால் மண் இன்னும் உழவுப் பதத்துக்கு வரவில்லை. அதற்கு முன்பே உதிர்ந்துபோனால் உழலாம். (மணற்பாங்கான மண் எந்த ஈரத்திலும் இப்படித் திரளாது; அதற்கு இந்தச் சோதனை பயன்படாது.)

பதம் வராத களிமண்ணில் கொழு ஓடும்போது மண் உடையாமல் மெழுகியதுபோல் வழவழப்பாகி, அடியில் கடினத் தட்டாக இறுகி, வேரையும் நீரையும் கீழே இறங்கவிடாமல் தடுக்கிறது; மேலே புரண்ட மண்ணோ காய்ந்ததும் கல்போன்ற கட்டிகளாகிவிடுவதால், முளைப்பு ஒரே சீராக அமைவதில்லை. சக்கரங்கள் செய்யும் கேடும் சிறிதன்று. மேல்மண் இறுகுவது பெரிதும் டயரின் காற்றழுத்தத்தைப் பொறுத்தது; அடிமண் இறுகுவது அச்சின்மீது இறங்கும் எடையைப் பொறுத்தது. அகலமான டயர் போட்டால் போதும் என்பது அதனால் பாதி உண்மைதான். அடிமண்ணில் ஏற்பட்ட இறுக்கம் பல ஆண்டுகள் நீடிக்கும் என்பதால், சில நாள் தாமதத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். தவிர்க்க முடியாமல் இறங்க நேர்ந்தால், வண்டியின் சுமையைக் குறைத்து, போன தடத்திலேயே திரும்பி வாருங்கள். இறுக்கத்தின் பெரும்பகுதி முதல்முறை சக்கரம் ஏறும்போதே நேர்ந்துவிடுகிறது.

காத்திருக்கும் நாட்களில், தேங்கிய நீர் வெளியேற மண்வெட்டியால் ஆழமற்ற வடிகால் வெட்டிவிடுங்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தை இப்போது இடாதீர்கள். காற்றோட்டமற்ற ஈரமண்ணில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை வாயுவாக மாற்றிவிடும்; எஞ்சியதில் ஒரு பகுதி நீரோடு கீழே இறங்கிவிடும். பயிர் முளைத்து வேர்பிடித்த பிறகு உரத்தைப் பிரித்துக் கொடுப்பதே மேல். வயல் முழுவதும் ஒரே நாளில் பதத்துக்கு வராது. மேட்டுப் பகுதியை முதலில் உழுது விதைத்துவிட்டு, தாழ்வான மூலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.