வயதுக்கு வரும் வயது: கேள்வி பதில்

குழந்தை மருத்துவராகப் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகள்தான். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

மகளுக்கு 12 வயது. பெரியவளாகி ஆறு மாதம் ஆகிறது. ஒரு மாதம் வருகிறது, அடுத்த மாதம் வருவதில்லை. நாட்டு மருந்து கொடுக்கலாம் என்கிறார் மாமியார்.

மருந்து வேண்டாம். முதல் இரண்டு வருடம் நாள் தப்பிப்போவது சகஜம். பல மாதங்களில் சினைப்பையிலிருந்து முட்டையே வெளிவராது, அதனால்தான் கணக்கு பிசகுகிறது. காலண்டரில் தேதியைக் குறித்துவைக்கப் பழக்குங்கள். 90 நாளுக்கு மேல் வராவிட்டாலோ, ஏழு நாளுக்கு மேல் நிற்காமல் போனாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

மாமியார் உளுந்தங்களி செய்து தந்தால் தாராளமாகச் சாப்பிடட்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் ஜன்னல் வழியே எறியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். (எறிகிறார்கள், எனக்குத் தெரியும்.) சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டாது. உடனே டீ குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது. மலம் கறுத்துப்போனால் பயப்பட வேண்டாம்.

பெரியவளாகிவிட்டால் உயரம் நின்றுவிடுமா?

உடனே நிற்காது. ஆனால் வேகமாக வளரும் கட்டம் அதற்கு முன்பே முடிந்திருக்கும். பெரும்பாலான பெண்கள் அதற்குப் பிறகு இன்னும் 5 முதல் 7 செ.மீ. வளர்வார்கள்.

எனக்கு 13 வயது. கிளாஸிலேயே நான்தான் குள்ளம். மகரக்கட்டும் உடையவில்லை. என்ன செய்வது, டாக்டர்?

தம்பி, பையன்களுக்குப் பருவ மாற்றம் 9 வயதிலும் தொடங்கலாம், 14-லும் தொடங்கலாம். மீசையையும் குரலையும் பார்த்துக் கணக்குப் போடாதே, அவை பின்னால் வருபவை. முதலில் விரைகள் பெரிதாகும். உயரம் கூடுவதற்குச் சற்று முன் கால் பாதம் நீளும், செருப்பு சைஸ் மாறும். அப்பாவிடமோ மாமாவிடமோ எந்த வயதில் உயர்ந்தார்கள் என்று கேட்டுப் பார். "பத்தாவது முடிச்ச அப்புறம்தான்டா" என்று பதில் வந்தால் உனக்கும் அப்படியே இருக்கலாம். தாமதம் பல குடும்பங்களில் வழிவழியாக வருவது. 14 முடிந்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால் டாக்டரைப் பார்க்கலாம். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். உயரம் கூட்டும் பவுடருக்கு அப்பா காசைக் கரைக்காதே.

மகனுக்கு மார்பு லேசாக வீங்கியிருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறான்.

இந்த வயதில் பாதிப் பையன்களுக்கு வருவதுதான். ஹார்மோன்களின் விகிதம் தற்காலிகமாக மாறுவதால் வருகிறது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாக அடங்கிவிடும். வீட்டில் யாரும் கேலி செய்யாமல் இருந்தாலே போதும்.

பிளஸ் ஒன் படிக்கிறான். ராத்திரி 12 மணி வரை விழித்திருக்கிறான், காலையில் எழுப்பவே முடியவில்லை. சோம்பேறித்தனமா?

இல்லை. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் இந்த வயதில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. போன் வெளிச்சம் அதை இன்னும் தள்ளிப்போடும். தேவையோ 8 முதல் 10 மணி நேரத் தூக்கம். விடியற்காலை ஐந்து மணிக்கு டியூஷன் வைப்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு, அதை இங்கே எழுதினால் நீளும்.

தனியாகப் போனால் ஒழுங்காக ஓட்டுகிறான். நண்பர்களோடு சேர்ந்தால் பைக்கில் சாகசம். வயது 16.

2005-இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றை வைத்து இதைத்தான் சோதித்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது பதின்பருவத்தினர் அதிகம் துணிந்தார்கள், பெரியவர்களிடம் அப்படி மாற்றம் தெரியவில்லை. நிதானிக்கச் சொல்லும் முன்மூளை இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. எனவே அறிவுரையை விட சாவி உங்கள் கையில் இருப்பதே மேல். கியர் வண்டிக்கு 18 வயது வேண்டும். 2019 சட்டத் திருத்தப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்.

மகள் 15. கதவைச் சாத்திக்கொள்கிறாள், கேட்டால் எரிந்து விழுகிறாள்.

கதவு சாத்துவது மட்டும் என்றால் விடுங்கள், தட்டிவிட்டு உள்ளே போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம், தோழிகள் எல்லாவற்றிலிருந்தும் விலகினால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். கையில் கீறல் தழும்பு தெரிந்தால் அன்றைக்கே போங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

பருவுக்கு டூத் பேஸ்ட் தடவலாமா?

கூடாது, தோல் எரிந்துவிடும்.